வெள்ளைத் துண்டில் இருந்த கழுதை

கல்யாணமாகித் திருக்கோகர்ணத்துக்கு வந்த புதிதில், என் மாமியார் காலையில் என்னைக் கண்டதும் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். ஒரு நாள் அது நீலமாக இருக்கும். வேட்டிக்குப் போடுகிற நீலத்தை நான் குழைத்திருப்பேன். இன்னொரு நாள் செங்கல் பொடியின் சிவப்பு. இன்னொரு நாள் விளக்குக் கரி. இது சமைக்கிற கையா என்று கேட்பார். சமைக்கிற கைதான். நிறமெல்லாம் அடுப்பங்கரையில் இருந்தால் நான் வேறு எங்கே போவேன்?

அது யுத்த காலம். கடையில் நல்ல சாயம் கிடையாது, காகிதம் கிடையாது. துணிக்குக் கட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு. பஸ்கூடப் பெட்ரோல் இல்லாமல் கரியைத் தின்று ஓடியது. கிறுக்குக்கு மட்டும் யாரும் கட்டுப்பாடு போடவில்லை. அது எங்கள் வீட்டில் தாராளமாகக் கிடைத்தது. எனக்கு ஒரு பங்கு என்றால் என் வீட்டுக்காரருக்கு இரண்டு பங்கு.

அவர் கீழ ராஜ வீதிப் பக்கம் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோப்பவர். நாள் முழுக்கக் கறுப்பு மையில் கிடப்பவருக்கு நிறம் என்றால் உயிர். ஒரு முறை மதராசுக்குப் போனபோது, விளம்பரப் பலகை எழுதும் ஒருவர் மரச்சட்டத்தில் பட்டுத் துணியை இழுத்துக் கட்டி, அதன் வழியாகச் சாயத்தை வழித்துக் கீழே இருக்கிற துணியில் படம் இறக்குவதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை இறக்கிச் சட்டத்தைத் தனியாகப் பிரித்தார். பட்டுக்கு எங்கே போவது என்று நான் கேட்டு முடிப்பதற்குள், எங்கள் கல்யாணத்தன்று கட்டிய பட்டு வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கத்தரிக்கோலை வைத்துவிட்டார்.

"இன்னொரு கல்யாணமா பண்ணிக்கப் போறேன்?" என்றார்.

பட்டின் மறு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

முறை இதுதான். மெழுகுவத்தியை உருக்கித் தாளில் தடவி, அந்தத் தாளில் படத்தை வெட்டி எடுத்துவிட்டு, பட்டின் அடியில் ஒட்ட வேண்டும். மெழுகுத்தாள் மறைக்கிற இடத்தில் சாயம் இறங்காது, வெட்டிய ஓட்டையில் இறங்கும். சாயத்தை வழிப்பதற்கு அடிக்கோலில் பழைய சைக்கிள் டியூபை மடித்து வைத்து ஆணி அடித்தார். சாயம் என் பொறுப்பு. புளியங்கொட்டையை ஊறவைத்து, அரைத்து, காய்ச்சிப் பசையாக்கி, அன்றைக்கு எந்த நிறம் அகப்பட்டதோ அதைக் கலப்பேன். முதல் நாள் கிளி போட்டோம், பூசணிக்காய் வந்தது. மறுபடியும் கிளி போட்டோம், வால் மட்டும் வந்தது. பசையைக் கெட்டியாக்கினேன், சட்டத்தை அவர் அழுத்திப் பிடித்தார், நான் ஒரே இழுப்பாக வழித்தேன். தூக்கிப் பார்த்தால் கண், மூக்கு, இறக்கை எல்லாவற்றோடும் ஒரு மஞ்சள் கிளி பழைய தலையணை உறையில் உட்கார்ந்திருந்தது. நான் கத்திவிட்டேன். வெட்கமெல்லாம் இல்லை. ஒரு வினாடிக்கு முன்னால் இல்லாத கிளி இப்போது இருக்கிறது, இன்னும் வேண்டுமென்றால் இன்னும் வரும். அந்த நினைப்பு எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷத்தைக் கொடுத்தது.

அந்த வாரம் வீட்டில் கிளி இல்லாத துணி இல்லை என்று ஆகிவிட்டது. கரித்துணியில் கிளி, அரிசிப் பையில் கிளி, மாமியார் சாமிக்கு விளக்கேற்றும்போது கை துடைக்கிற துணியிலும் கிளி. மாமியார் அந்தத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றிலிருந்து தன் புடவைகளை உள் அறைப் பெட்டியில் பூட்டி வைத்தார்.

எங்களோடு மூன்றாவது கிறுக்கும் ஒன்று உண்டு. அது என் நாத்தனார். அவளுக்குப் படம் போட வராது, வழிக்க வராது, சிரிக்க மட்டும் வரும். அந்தச் சிரிப்பு சாதாரணச் சிரிப்பு இல்லை. முதலில் மூச்சு உள்ளே போகும், போய்க்கொண்டே இருக்கும், அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நாம் பயப்படும் நேரத்தில் வெளியே வெடித்து அடுத்த தெரு வரைக்கும் போகும். அவளுடைய மாமன் மகன் ஒருவன் இருந்தான். அவளைவிடச் சின்னவன், வாய் மட்டும் பெரியது. அவள் சிரிக்கும்போதெல்லாம், கழுதை கத்துகிறது, நல்ல சகுனம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வான். அவள் விரட்டுவாள், அகப்பட மாட்டான்.

நான் சும்மா சாயத்தோடு நிற்கிறவள் இல்லை. கையில் கிடைத்ததையெல்லாம் படத்தில் ஒட்டுவேன். உடைந்த வளையல், முட்டை ஓடு, உமி, ஜிகினாத் தாள். கொடும்பாளூர் கோயிலைப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தரைக்கு அந்த ஊர் மண்தான் வேண்டும் என்று அடம் பிடித்ததில், அச்சாபீஸ் வேலையாக அந்தப் பக்கம் போன என் வீட்டுக்காரர் கைக்குட்டையில் செம்மண்ணை முடிந்துகொண்டு வந்தார். பஸ்ஸில் எல்லோரும் அதைக் கோயில் பிரசாதம் என்று நினைத்துக் கேட்டார்களாம். இவரும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கிறார். மிச்ச மண்ணைப் பசையில் குழைத்துத் தரை போட்டேன், விமானத்துக்குக் கேழ்வரகை ஒவ்வொன்றாக ஒட்டினேன். காய்வதற்காக முற்றத்தில் வைத்திருந்தபோது அணில் வந்து ஒரு விமானத்தைத் தின்றுவிட்டுப் போயிற்று. அங்கே மூன்றாக இருந்த கோயிலில் ஒன்று ஏற்கெனவே இடிந்து போய்விட்டது. என் படத்தில் இன்னொன்றும் போயிற்று. நாத்தனார் சிரித்த சிரிப்பில் தெருவில் போன மாடு நின்று திரும்பிப் பார்த்தது. எனக்குக் கோபம் வந்தது, பிறகு நானும் சிரித்தேன். அப்படியே அதைச் சுவரில் மாட்டினோம்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை குளத்தூர்க்காரர், தாலுகா ஆபீசில் வேலை. பெண் சிரித்துவிடக் கூடாது என்பதற்காக மாமியார் அவள் வாயில் ஒரு கிராம்பைக் கொடுத்துக் கடித்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார். அது தேவைப்படவில்லை. சிரிக்கும்படி அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார், காப்பி குடித்தார், கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். என் வீட்டுக்காரர் அச்சாபீஸ் கதைகளில் மிகச் சிரிப்பான ஒன்றை எடுத்துவிட்டார். மாப்பிள்ளை கடைசிவரை கேட்டுவிட்டு, சரி என்றார். அணில் தின்ற கோயில் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்ததும் சம்மதம் என்று ஆள் அனுப்பினார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாத்தனார் மட்டும் கிணற்றடியில் வாளியைப் பிடித்தபடி நின்றாள்.

"மதினி, அவுக ஒரு தடவகூடச் சிரிக்கல, பாத்தீங்களா? எனக்குச் சிரிக்காம இருக்க வராது. அந்த வீட்டுல போயி நான் என்ன பண்ணுவேன்?"

போகப் போகச் சரியாகிவிடும் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லியிருக்கலாம். ஆனால் சரியாகாவிட்டால்? காலம் முழுக்கக் கிராம்பைக் கடித்துக்கொண்டா இருப்பாள்? அன்றிலிருந்து வீட்டில் அந்தச் சிரிப்புச் சத்தம் குறைந்து போயிற்று. அவள் இப்போதே பழகிக்கொள்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அவளை எப்படியாவது சிரிக்க வைக்க வேண்டும் என்று நானும் என் வீட்டுக்காரரும் யோசித்தோம். யோசனை என் கையிலிருந்தே வந்தது. சலவைச் சோடா கரைத்துத் துணி ஊறவைத்த கையோடு மஞ்சள் சாயத்தைத் தொட்டேன், விரலெல்லாம் ரத்தமாகச் சிவந்தது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும், சோடாவும் அதே வேலையைச் செய்கிறது. ஆனால் என் வீட்டுக்காரர் அந்த விரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இதைத் தலைகீழாகச் செய்தால் என்ன என்று கேட்டார். முதலில் சோடாவில் படத்தை அச்சடித்துவிடுவது. வெள்ளைத் துணியில் அது கண்ணுக்கே தெரியாது. பிறகு எப்போது மஞ்சள் தண்ணீர் படுகிறதோ அப்போது படம் சிவப்பாகக் கிளம்பும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தின் கடைசியில் மஞ்சள் தண்ணீர் விளையாட்டு உண்டு. மாப்பிள்ளையும் பெண்ணும், முறைக்காரர்களும் ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக்கொள்வார்கள். நாத்தனார் ஊற்றுகிற முதல் செம்பே மாமன் மகன்மேல்தான் என்று எங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்காகக் கஷ்டப்பட்டு வாங்கி வைத்த வெள்ளைத் துண்டுகளில் அவனுக்கும் ஒன்று உண்டு. அதன் முனையில் ஒரு கழுதையை அடித்துவிட்டால்?

கழுதையை நான் வரைந்தேன். தலையைத் தூக்கி, பல்லெல்லாம் தெரிய, காதைப் பின்னால் தள்ளிக்கொண்டு வாய்விட்டுக் கத்துகிற கழுதை. நான் போட்ட படங்களிலேயே அதுதான் அழகு என்று இன்றைக்கும் சொல்வேன். மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, நாத்தனாரையும் கூட வைத்துக்கொண்டு, சோடாவைப் பசையில் கலந்து வழித்தோம். ஒன்றுமே தெரியவில்லை. ஒன்றும் தெரியாத அந்த வெள்ளைத் துண்டைச் சுற்றி நின்று மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வெகு நாளைக்குப் பிறகு நாத்தனார் மூச்சை உள்ளே இழுத்தாள், வெளியே விட்டாள், அடுத்த தெரு வரைக்கும் கேட்டது. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. துண்டைக் கொல்லைக் கொடியில் காயப்போட்டுவிட்டு அடுப்பு வேலைக்குப் போனோம்.

கோயிலிலிருந்து வந்த மாமியார், புதுத் துணியில் கிடங்கு வாடை அடிக்கிறது என்று மற்ற எல்லாத் துண்டுகளையும் அதே கொடியில் எடுத்துப் போட்டிருக்கிறார். சாயங்காலம் எல்லாவற்றையும் சேர்த்து மடித்து அடுக்கியும் விட்டார். கழுதை எந்தத் துண்டில் இருக்கிறது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. பசை காய்ந்த இடம் விறைப்பாக இருக்கும், தடவிக் கண்டுபிடிக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். மில் கஞ்சியில் எல்லாத் துண்டுமே அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தன. மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் தெரியும், ஆனால் தெளித்த துண்டை அப்புறம் யாருக்குக் கொடுப்பது?

அடுக்கைப் பிரிக்க எங்களுக்கு நேரம் வாய்க்கவில்லை. கல்யாணத்துக்கு உறவெல்லாம் வந்து வீடு நிரம்பிவிட்டது. மாப்பிள்ளைக்கு உரிய வேட்டி துண்டு தட்டில் ஏறி, அவர்கள் தங்கியிருந்த எதிர்வீட்டுக்குப் போய்விட்டது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கழுதை மிச்சத் துண்டுகளில் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு, நானும் என் வீட்டுக்காரரும் உள் அறைக்குள் நுழைந்து துண்டுகளின் முனையை ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தோம். சோடா இருந்தால் நாக்கில் கரிக்கும் அல்லவா? கஞ்சியும் புழுதியும்தான் ருசித்தன. தலை நிமிர்ந்தால் நிலைப்படியில் மாமியார்.

"என்னத்த நக்குறீங்க ரெண்டு பேரும்?"

கஞ்சி போதுமா என்று பார்ப்பதாகச் சொன்னேன். கல்யாண வீடாக இருந்ததால் பிழைத்தேன்.

எந்த முனையிலும் கரிப்பு இல்லை. அப்படியென்றால் கழுதை எதிர்வீட்டில் இருக்கிறது. என் வீட்டுக்காரரை ஒரு நல்ல துண்டோடு அனுப்பி, மாற்றிக்கொண்டு வரச் சொன்னேன். போனார். மாப்பிள்ளை உட்காரச் சொல்லி உற்றுப் பார்த்த பார்வையில் இவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டதாம். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, கொண்டுபோன துண்டையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.

நாத்தனாரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. ஊற்றப்போவது அவள்தானே. காதோரம் சொன்னேன். சிரிக்கவே சிரிக்காத மனிதர், அவர் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் முன்னால், பெண் வீட்டார் கொடுத்த துண்டில் கழுதை. இதைவிடக் கேவலமாக ஒரு மாப்பிள்ளையை யாரும் திட்ட முடியாது. சிரிப்பு வராத வீடு என்று பயந்தவள், இனி நல்ல பேச்சே இல்லாத வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அதற்கு நான் காரணமாக இருப்பேன். மாப்பிள்ளைக்குக் காலில் ஊற்றினால் போதும், மேலே ஊற்றாதே என்று சொல்லிக் கொடுத்தேன். மஞ்சள் தண்ணீர் கரைக்கிற வேலையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அண்டா நிறையத் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டேன். மாமியார் எட்டிப் பார்த்தார், இது மஞ்சள் தண்ணியா கழனித் தண்ணியா என்று கேட்டுவிட்டு, இரண்டு கையாலும் அள்ளிக் கொட்டிக் கலக்கினார்.

மாப்பிள்ளை வந்து முற்றத்தில் நின்றார். துண்டை மார்பில் முனை தொங்கும்படி போர்த்தியிருந்தார். கல்யாணத்தன்றும் அதே முகம்தான். நாத்தனார் செம்பில் மொண்டாள். செம்பை நிமிர்த்துவதற்குள் பாதி தன் புடவையிலேயே சிந்தியது. குனிந்து அவர் காலில் ஊற்றப் போனபோது, யாருக்காக இந்தப் பாடெல்லாம் பட்டோமோ அந்த மாமன் மகன் பாய்ந்து வந்தான். காலுக்கா ஊத்துவாக என்று சொல்லி அவள் முழங்கையைத் தட்டி மேலே தூக்கிவிட்டான். மிச்சத் தண்ணீர் முழுக்க மாப்பிள்ளையின் மார்பில் விழுந்தது.

துண்டு மஞ்சளானது. அப்புறம் மஞ்சளுக்குள்ளிருந்து காது கிளம்பியது. பல் கிளம்பியது. செக்கச் சிவந்த என் கழுதை தலையைத் தூக்கிக்கொண்டு, ஒரு கோடு குறையாமல், மாப்பிள்ளையின் நெஞ்சில் நின்று கத்தியது. அத்தனை பயத்திலும், படம் சுத்தமாக விழுந்திருக்கிறது என்று என் மனதுக்குள் ஒரு மூலை துள்ளியது. அதை மறைப்பானேன்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி, கழுதை மாதிரி அல்லவா இருக்கிறது என்றாள். என் மாமியார் திரும்பி நேராக என் கையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். நாத்தனார் செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்து, கண்ணில் நீர் முட்ட அவரையே பார்த்து நின்றாள்.

மாப்பிள்ளை துண்டின் முனையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். கோயில் படத்தைப் பார்த்த மாதிரியே கழுதையை நெடுநேரம் பார்த்தார். காதைத் தடவினார். விரலில் சிவப்பு ஒட்டுகிறதா என்று பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை, சிரிப்புக்கு அருகில்கூட எதுவும் இல்லை. முனையை விட்டுவிட்டு மெதுவாகத் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"பின்னால காஞ்சு கெடக்கு," என்றார். "அங்கிட்டு என்ன இருக்குன்னு ஊத்திப் பாரு."

யாருக்கும் விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது. முதலில் மூச்சு உள்ளே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. மாமியார் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அது வெடித்துத் தெருவைத் தாண்டிப் போனபோது மாப்பிள்ளை வீட்டார் திடுக்கிட்டு விலகினார்கள். அவர் அசையவில்லை. முதுகை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தார்.

அவள் செம்பைத் தூரப் போட்டுவிட்டு, குடத்தை எடுத்து அண்டாவில் முக்கினாள்.